விவரம் தெரியும் வயது: ஜப்பானிய அனிமேஷன் படங்களை எங்கே தொடங்குவது, எப்படிப் பார்ப்பது?

ஒரு பிள்ளை வளர்ந்து உலகம் புரியத் தொடங்கும் கதைகளை 'கமிங் ஆஃப் ஏஜ்' என்று ஒரு படவகையாகச் சொல்வார்கள். இதைத் தமிழில் சொல்லப்போனால் 'வயதுக்கு வருதல்' என்றுதான் முதலில் வாய்க்கு வரும். சொன்ன மறுநொடியே கேட்பவர் மனதில் குச்சு, மஞ்சள் நீர், தாய்மாமன் சீர் எல்லாம் வந்து நின்றுவிடும். நம் வழக்கில் அது பெண்ணின் உடம்பைப் பற்றிய பேச்சு. அதற்கென்று ஒரு நாள் உண்டு, விழா உண்டு, இப்போதெல்லாம் ஃப்ளெக்ஸ் பேனரும் உண்டு.

ஜப்பானிய அனிமேஷனில் வரும் இந்தவகைப் படங்களுக்குப் பொருந்துகிற சொல் வேறு. "அவளுக்கு விவரம் தெரிஞ்சிடுச்சு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான். விவரம் தெரிவதற்கு யாரும் நாள் குறிக்க முடியாது. ஜப்பானிலும் வயது வந்ததற்கு ஒரு நாள் இருக்கிறது. ஜனவரி மாதம் இரண்டாவது திங்கட்கிழமை பெண்கள் கிமோனோ உடுத்தி விழாவுக்குப் போவார்கள். சட்டப்படி வயது வரும் எல்லையும் 2022 ஏப்ரலில் 20-இலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஆனால் நான் கீழே சொல்லப்போகும் ஏழு படங்களில் ஒன்றில்கூட அந்த நாள் வராது.

அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் தொடர்களைப் பார்த்துப் பழகியவர்கள் இந்தப் படங்களுக்கு வந்ததும் சின்னதாக ஒரு ஏமாற்றம் அடைவார்கள். வில்லனை வீழ்த்தும் கட்டம் வரும் வரும் என்று காத்திருப்பார்கள், படம் முடிந்துவிடும். அதனால் பார்க்க உட்காரும்போதே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆரம்பத்தில் இந்தப் பிள்ளையிடம் இருந்த எது, கடைசியில் இல்லாமல் போகிறது? யார் ஜெயித்தார்கள் என்று தேடினால் கிடைப்பது கொஞ்சம்தான். எது போனது என்று பார்த்தால் படம் தானாகத் திறக்கும்.

முதலில் செட்டிங்ஸ்

இது அற்ப விஷயம் போலத் தெரியும். ஆனால் பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

ஆடியோவை ஜப்பானிய மொழியில் வையுங்கள். இதில் எனக்கு விதண்டாவாதம் ஏதும் கிடையாது. குழந்தைகளோடு பார்த்தால் டப்பிங் நல்லதுதான். ஆனால் 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' படத்தை மட்டும் தயவுசெய்து மூல மொழியில் பாருங்கள். கிகி என்ற சூனியக்காரச் சிறுமி தன் கறுப்புப் பூனை ஜிஜியோடு பேசுவாள், அதுவும் பதில் பேசும். நடுவில் ஒருநாள் அது வெறும் 'மியாவ்' ஆகிவிடும். ஜப்பானிய மூலத்தில் அந்தப் பேச்சு திரும்பி வருவதே இல்லை. 1998-இல் வந்த ஆங்கில டப்பிங்கில் கடைசிக் காட்சியில் பூனைக்கு ஒரு வசனம் சேர்த்துவிட்டார்கள். நான் முதலில் பார்த்தது அதைத்தான். பூனை திரும்பப் பேசிவிட்டது, சுபம் என்று எழுந்து போனேன். பல வருடம் கழித்து மூலத்தைப் பார்த்தபோது, பூனை அவள் தோளில் ஏறி 'மியாவ்' என்றது. அவ்வளவுதான். கிகி அதைக் கன்னத்தோடு அணைத்துக்கொள்கிறாள். அந்த ஒரு வசனத்தில் படமே வேறாகிவிடுகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்து சப்டைட்டில். பட்டியலில் ஆங்கிலம் இரண்டு முறை இருந்தால், 'சிசி' என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு மற்றதைத் தேர்ந்தெடுங்கள். சிசி பெரும்பாலும் ஆங்கில டப்பிங் வசனத்தை அப்படியே எழுதியதாக இருக்கும். திரையில் யாரும் வாயே திறக்காத நேரத்திலும் எழுத்து ஓடும்.

மூன்றாவது, படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் செயலி அடுத்த படத்துக்குத் தாவப் பார்க்கும். தடுத்து நிறுத்துங்கள். 'மை நெய்பர் டோட்டோரோ'வில் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீடு திரும்புவது அந்தப் பெயர்களுக்கு நடுவில்தான் வருகிறது. 'ஒன்லி யெஸ்டர்டே' படத்தின் முடிவே அங்கேதான் இருக்கிறது.

வயது வரிசையில் பாருங்கள்

எந்த வருடம் வந்தது, எது அதிகம் வசூலித்தது என்றெல்லாம் பார்த்து வரிசை போடுவார்கள். நான் சொல்வது வேறு. கதைப் பிள்ளையின் வயதை வைத்து அடுக்குங்கள். நான்கு, பத்து, பதின்மூன்று, பதினான்கு, பதினேழு, பதினெட்டு, இருபத்தேழு. இப்படிப் பார்த்தால் ஒரே ஆள் படத்துக்குப் படம் வளர்வது போல இருக்கும்.

நான்கு வயதுக்கு 'மை நெய்பர் டோட்டோரோ' (1988). ஹயாவோ மியாசாகி இயக்கம், ஸ்டூடியோ ஜிப்லி தயாரிப்பு, 86 நிமிடம். எல்லோருக்கும் நினைவில் நிற்பது குட்டிப் பெண் மேயும் அந்தப் பெரிய ரோமப் பிராணியும்தான். நீங்கள் அக்கா சாட்சுகியைப் பாருங்கள். அம்மா ஆஸ்பத்திரியில், அப்பா ஞாபக மறதிக்காரர். காலையில் எழுந்து மூன்று பேருக்கும் மதியச் சாப்பாட்டு டப்பா கட்டுவது பள்ளிக்கூடம் போகிற அந்தப் பெண்தான். ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வரும்வரை அவள் அழுவதே இல்லை. வந்த பிறகு பக்கத்து வீட்டுப் பாட்டியின் முன்னால் நின்று, அம்மா செத்துப் போய்விட்டால் என்ன செய்வது என்று கதறுவாள். நம் ஊரில் மூத்த பெண்ணாகப் பிறந்த எவருக்கும் அந்த இடத்துக்கு விளக்கம் தேவைப்படாது. ஒரு துணுக்கு: இந்தப் படம் ஜப்பானில் வெளியானபோது, போரில் அநாதையான அண்ணன் தங்கை கதையான 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' படத்தோடு ஒரே காட்சியில் இரட்டைப் படமாக ஓடியது. நீங்கள் வீட்டில் அந்தச் சாகசத்தை முயல வேண்டாம்.

பத்து வயதுக்கு 'ஸ்பிரிட்டட் அவே' (2001). ஆஸ்கர் வாங்கிய படம் என்று எல்லோரும் முதலில் இதைத்தான் பார்ப்பார்கள். நண்பரின் பத்து வயது மகளை மனதில் வைத்து மியாசாகி எடுத்த படம் இது. சிஹிரோவின் அப்பா அம்மா பன்றியாகிவிடுகிறார்கள். அவள் கடவுள்களும் ஆவிகளும் குளிக்க வரும் ஒரு குளியல் விடுதியில் வேலைக்குச் சேர்கிறாள். இதில் மாயம், பிரம்மாண்டம் எல்லாவற்றையும் முதல் தடவை விட்டுவிட்டு, அவள் கால்களையும் வாயையும் மட்டும் கவனியுங்கள்.

கால்கள்: ஆரம்பத்தில் விடுதியின் வெளிப்புற மரப்படிக்கட்டில் இறங்க வேண்டும். உட்கார்ந்து, ஒவ்வொரு படியாகக் காலை நீட்டித் தடவி இறங்குவாள். ஒரு படி உடைந்ததும் கட்டுப்பாடு போய்த் தடதடவென்று ஓடிச் சுவரில் மோதுவாள். படத்தின் நடுவில் அதே கட்டடத்தின் சுவரை ஒட்டிய குழாய்மேல், கீழே கடல் கிடக்க, ஓடியே கடப்பாள். குழாய் அவள் காலடியில் பிய்ந்து விழும். இரண்டுக்கும் நடுவில் "எனக்குத் தைரியம் வந்துவிட்டது" என்று அவள் வசனம் பேசுவதே இல்லை.

வாய்: அவளை முதலில் கூட்டிப்போகும் லின் என்ற வேலைக்காரி, உதவி செய்தவருக்கு நன்றி சொன்னாயா, கூப்பிட்டால் 'சரிங்க' என்று வாயைத் திறக்க மாட்டாயா என்று திட்டுவாள். சிஹிரோவுக்கு அதுவரை அந்தப் பழக்கமே இல்லை. கடைசியில் விடுதியை விட்டுக் கிளம்பும்போது, தன்னைப் படாத பாடு படுத்திய முதலாளியம்மாவைப் பார்த்துக் குனிந்து, இத்தனை நாள் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்று சொல்கிறாள். யாரும் சொல்லிக் கொடுத்து அல்ல.

நடுவில் ஹாக்கு என்ற பையன் கொடுக்கும் சோற்று உருண்டையை அவள் தின்னும் இடத்தில் அவசரப்படாதீர்கள். முதல் வாய் சும்மா போகும். அடுத்த வாயில் கண்ணீர் பெரிய பெரிய சொட்டாக உருளும். அழுகை வருவது சோறு உள்ளே போன பிறகு. பசியோடு அழுது பழகியவர்கள் எடுத்த காட்சி என்று தோன்றும்.

பதின்மூன்றுக்கு கிகி (1989). சூனியக்காரப் பெண்கள் பதின்மூன்று வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, வேறொரு ஊரில் ஒரு வருடம் சொந்தக் காலில் வாழ வேண்டும் என்பது அவர்கள் குலவழக்கம். கிகிக்குத் தெரிந்த ஒரே தொழில் பறப்பது. அதனால் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். இன்றைக்குக் கொட்டும் மழையில் சாப்பாட்டுப் பையோடு வந்து நிற்கும் டெலிவரி பையனைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தப் படம் 1989-ஐவிட இப்போதுதான் அதிகம் உறைக்கும்.

ஒரு பாட்டி தன் பேத்தியின் பிறந்தநாளுக்கு மீன் 'பை' (மாவுக்குள் மீனை வைத்துச் சுடும் பலகாரம்) செய்ய வேண்டும். மின் அடுப்பு வேலை செய்யவில்லை. கிகி பழைய விறகு அடுப்பை மூட்டி, கூட நின்று வேக வைத்துக் கொடுத்து, மழையில் நனைந்தபடி பறந்து கொண்டுபோகிறாள். கதவைத் திறந்த பேத்தி, வேண்டாம் என்று சொல்லியும் பாட்டி அனுப்பிவிட்டாள், எனக்கு இந்தப் பலகாரமே பிடிக்காது என்று சொல்லி வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துகிறாள். அந்தப் பேத்திக்குத் தண்டனை எதுவும் கிடைக்காது. அவள் பிறகு திருந்துவதும் இல்லை. கிகிக்குச் சளி பிடிக்கிறது. சில நாளில் பூனையின் பேச்சு புரியாமல் போகிறது, துடைப்பம் மேலே எழும்ப மறுக்கிறது. ஏன் என்று படம் விளக்காது. நாம்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காட்டில் தனியே இருந்து ஓவியம் வரையும் உர்சுலா என்ற பெண், தனக்கும் வரைய வராமல் போன காலம் உண்டு என்கிறாள். அப்போது வரைவதை நிறுத்திவிட வேண்டும், நடக்க வேண்டும், தூங்க வேண்டும் என்பது அவள் வைத்தியம். கிகிக்கும் உர்சுலாவுக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே, மினாமி தகயாமா. தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தால், சில வருடம் மூத்த கிகியே வந்து சின்னக் கிகியோடு பேசுவது போல இருக்கும்.

பதினான்குக்கு 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்' (1995). யோஷிஃபுமி கொண்டோ இயக்கிய ஒரே முழுநீளப் படம். 1998-இல் 47 வயதில் காலமாகிவிட்டார். எனக்கு இந்த ஏழில் மிகவும் பிடித்தது இதுதான், அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து படியுங்கள். சூனியம் இல்லை, மாயப் பிராணி இல்லை. டோக்கியோவின் புறநகரில் ஒரு குறுகலான அடுக்குமாடி வீடு. எங்கே பார்த்தாலும் புத்தகமும் துவைக்காத துணியும். ஷிஸுகு நூலகத்தில் எடுக்கும் புத்தகங்களிலெல்லாம் இரவல் அட்டையில் அவளுக்கு முன்பே ஒரே பெயர் எழுதியிருக்கிறது. அந்தப் பெயருக்குரிய பையன் வயலின் செய்யக் கற்க இத்தாலி போகப் போகிறான். தனக்கு என்ன தெரியும் என்ற கேள்வி அவளைப் பிடித்துக்கொள்கிறது. கதை எழுத உட்காருகிறாள், படிப்பில் சறுக்குகிறாள்.

இங்கே ஒரு விவரம் தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானில் கட்டாயக் கல்வி ஒன்பதாம் வகுப்போடு, அதாவது பதினைந்து வயதில் முடிகிறது. உயர்நிலைப் பள்ளிக்குத் தனியாக நுழைவுத் தேர்வு. ஷிஸுகு அந்தத் தேர்வு ஆண்டில் இருக்கிறாள். நம் வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண், நவம்பரில் "நான் நாவல் எழுதப் போறேன்" என்று சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொண்டு பாருங்கள். அக்கா கத்துகிறாள். அப்பா ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து யோசித்துவிட்டு, செய்து பார் என்கிறார். கூடவே, மற்றவர்கள் மாதிரி இல்லாமல் வாழ்வது கஷ்டம், என்ன நடந்தாலும் அடுத்தவர் மேல் பழி போட முடியாது என்றும் சொல்லிவிடுகிறார். எழுதி முடித்த கதை சுமார்தான். அதை அவளே அறிந்து அழுகிறாள்.

இதில் எது போகிறது? நூலகத்தில் வேலை பார்க்கும் அப்பா படத்தின் ஆரம்பத்திலேயே போகிற போக்கில் சொல்லிவிடுவார்: இரவல் அட்டை எடுத்துவிட்டு பார்கோடு வரப்போகிறது. அந்தக் காதலுக்கு வழிவிட்ட அட்டையே இனி இல்லை. (கடைசிக் காட்சியில் பையன் செய்யும் காரியத்தைப் பார்த்து எனக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்புதான் வரும். பதினைந்து வயதில் யாருக்கும் அது மிக முக்கியமாகத்தான் பட்டிருக்கும்.)

பதினேழுக்கு 'தி கேர்ள் ஹூ லெப்ட் த்ரூ டைம்' (2006), மமோரு ஹொசோதா. காலத்தில் பின்னால் தாவும் சக்தி கிடைத்த மகோதோ அதை வைத்து என்ன செய்கிறாள்? தங்கை தின்றுவிட்ட புட்டிங்கைப் போய் மீட்கிறாள், கரோகேயில் மணிக்கணக்காகப் பாடுகிறாள். ஒவ்வொரு தாவலிலும் உருண்டு விழுந்து எதிலாவது முட்டிக்கொள்வாள். நண்பன் சியாகி சைக்கிளில் போகும்போது மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறான். அதைக் கேட்கத் தைரியமில்லாமல் திரும்பத் திரும்பப் பின்னால் போய் அந்தப் பேச்சையே நடக்காமல் செய்துவிடுகிறாள். அவள் கையில் தெரியும் எண் குறைந்துகொண்டே வருகிறது. அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைச் சரிசெய்யும் ஒரு சித்தி வருவாள். 1967-இல் வெளியான யசுதகா த்சுத்சுயியின் மூல நாவலில் நாயகி அந்தச் சித்திதான்.

பதினெட்டுக்கு 'எ சைலண்ட் வாய்ஸ்' (2016), நவோகோ யமதா. வயது வரிசையில் இது கடைசிக்கு முன்பாக வருவதும் நல்லதுதான், இது கனமானது. ஆறாம் வகுப்பில் காது கேளாத ஷோகோவைக் கொடுமைப்படுத்திய ஷோயா, உயர்நிலைப் பள்ளி கடைசி ஆண்டில் சைகை மொழி கற்றுக்கொண்டு அவளைத் தேடி வருகிறான். அவன் கண்ணுக்கு மற்றவர்கள் முகத்திலெல்லாம் பெருக்கல் குறி ஒட்டியிருக்கும். யார் முகத்திலிருந்து எப்போது விழுகிறது, எப்போது திரும்ப ஒட்டிக்கொள்கிறது என்று பாருங்கள். தற்கொலை முயற்சி இரண்டு இடத்தில் வருகிறது, ஒன்று படத்தின் தொடக்கத்திலேயே. வீட்டில் வளரும் பிள்ளைகள் இருந்தால் முதலில் நீங்கள் பார்த்துவிட்டு, பிறகு கூட உட்கார்ந்து பாருங்கள். தனியாகப் பார்க்க விடாதீர்கள்.

சப்டைட்டிலில் விழாத மூன்று விஷயங்கள்

பெயர். ஜப்பானில் ஒருவரைக் குடும்பப் பெயரால் அழைப்பதும் சொந்தப் பெயரால் அழைப்பதும் ஒன்றல்ல. பின்னால் 'சான்', 'குன்', 'சாமா' ஒட்டுவதிலும் தூரம் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் இதெல்லாம் ஒரே மட்டமாகிவிடும். 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்தவர் ஒருநாள் 'நீ' என்றால் நமக்குச் சட்டென்று காது நிமிருமே, அதே கதைதான். அதனால் எழுத்தைப் படித்தாலும் காதைத் திறந்து வையுங்கள். 'த்சுகிஷிமா' என்று குடும்பப் பெயர் சொன்னவன் 'ஷிஸுகு' என்று கூப்பிடும்போது கதை நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். சிஹிரோவின் பெயரிலிருந்து முதலாளியம்மா எழுத்துகளைக் கையால் பிடுங்கிக்கொள்வாள். மிஞ்சும் ஓர் எழுத்தைத் தனியாகப் படித்தால் 'சென்'. அந்த எழுத்துக்கு ஆயிரம் என்று பொருள். பெண்ணின் பெயர் போய் ஓர் எண் மட்டும் நிற்கிறது.

காலண்டர். பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. செர்ரி பூ பூப்பதும் அந்தச் சமயத்தில்தான். ஆகவே பூ உதிர்ந்தால் அழகுக்கு என்று நினைத்துவிடாதீர்கள், யாரோ பள்ளியை விட்டுப் போகிறார்கள். சில்வண்டு இரைந்தால் கோடை விடுமுறை.

ஒலிப்பு. 'எ சைலண்ட் வாய்ஸ்' படத்தில் ஷோகோ சைகையை விட்டுவிட்டு, தன் குரலாலேயே 'சுகி' என்று சொல்லிப் பார்க்கிறாள். பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அவனுக்கு 'த்சுகி' என்று விழுகிறது. அதற்கு நிலா என்று பொருள். அண்ணாந்து பார்த்து, ஆமாம் நிலா அழகாக இருக்கிறது என்கிறான். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாவிட்டால் அந்தக் காட்சி உங்களைத் தாண்டிப் போய்விடும்.

இருபத்தேழு வயதில் ஒரு சுற்று

கடைசிப் படம் 'ஒன்லி யெஸ்டர்டே' (1991), இசாவோ தகஹாதா. முதல் படமாக இதைப் பார்த்தால் தூங்கிவிடுவீர்கள், சத்தியம். ஆறைப் பார்த்த பிறகு பாருங்கள். டோக்கியோவில் அலுவலக வேலை பார்க்கும் தாயேகோ, விடுமுறைக்கு யமகதா கிராமத்தில் குசும்பப் பூ பறிக்கப் போகிறாள். ஐந்தாம் வகுப்பு படித்த தன்னையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறாள். கதை நடப்பது 1982, நினைவுகள் 1966. நினைவுக் காட்சிகளில் ஓரங்கள் வெள்ளையாக, நீர்வண்ணம் காயாதது போலக் கலைந்திருக்கும்.

அப்பா ஒரு அன்னாசிப்பழம் வாங்கி வருகிறார். அப்போது அது அரிய பண்டம், எப்படி வெட்டுவது என்றே வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒருநாள் அக்கா கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து வெட்டுகிறாள். வீடே சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு துண்டு வாயில் வைக்கிறது. கெட்டியாக, இனிப்பே இல்லாமல் இருக்கிறது. ஒவ்வொருவராகத் தட்டைத் தள்ளிவிட்டு வாழைப்பழமே மேல் என்று எழுந்து போகிறார்கள். தாயேகோ மட்டும் மென்றுகொண்டே இருக்கிறாள். எதிர்பார்த்ததும் கிடைத்ததும் வேறு வேறு என்று முதன்முதலாகத் தெரியும் இடத்தை இதைவிட நன்றாக யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை.

முதல் பத்தியில் சொன்ன 'வயதுக்கு வருதல்' இந்தப் படத்தில்தான் நேராக வருகிறது. பள்ளியில் பெண்களை மட்டும் கூட்டி மாதவிடாய் பற்றிச் சொல்கிறார்கள். விஷயம் பையன்களுக்குக் கசிந்துவிடுகிறது. சளி என்று விளையாட்டு வகுப்பில் ஓரமாக உட்கார்ந்த தாயேகோ, எல்லோரும் அதுதான் என்று நினைத்துக்கொள்வார்களே என்று கூனிக் குறுகுகிறாள். நம் பள்ளிக்கூடத்திலும் நடந்ததுதானே. விழா இல்லை, சீர் இல்லை, வெட்கம் மட்டும் அதேதான்.

ஏழும் முடிந்த பிறகு 'ஸ்பிரிட்டட் அவே' படத்தில் இரண்டு இடங்களை மட்டும் மறுபடி ஓட்டிப் பாருங்கள். முதலில் குடும்பம் சுரங்கப் பாதைக்குள் நுழையும் இடம். சிஹிரோ அம்மாவின் கையைக் கட்டிக்கொண்டு நடப்பாள், இப்படி ஒட்டிக்கொண்டால் நான் எப்படி நடப்பது என்பாள் அம்மா. பிறகு கடைசியில் அதே பாதை வழியாகத் திரும்பும் இடம். அதே கை, அதே பிடி, அம்மாவுக்கும் அதே வசனம். வெளியே வந்ததும் அவள் திரும்பிப் பார்க்கிறாள். சிநேகிதர்கள் நூற்றுப் பின்னிக் கொடுத்த கயிறு தலைமுடியில் ஒரு கணம் மின்னுகிறது. அப்பா காரின் மேல் கிடக்கும் சருகுகளைப் பார்த்துத் திகைத்துக்கொண்டிருக்கிறார்.